பத்துக்கு எத்தனை

குருநகர் ஐஸ் தொழிற்சாலையில்
ரெஜினோல்டுக்கு இரவு வேலை.
பதினொரு மணிக்குப் பிறகு அங்கே
கொம்பிரசர் மட்டும்தான் கதைக்கும்.
அப்போதுதான் நாங்கள் போவோம்.
நான் கொக்குவிலிலிருந்து சைக்கிளில்,
கஜானி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பின்னேர டியூட்டி முடித்து ஸ்கூட்டியில்,
கையில் டெற்றோல் மணம் போகாமல்.

ஸ்பீக்கர் என்னுடையது.
ஒரு பக்கக் கூம்பு கிழிந்தது.
"கிழிஞ்சபடியாத்தான் த்ராஷுக்குச் சரி,
தைச்சுக் கிய்ச்சுப் போடாதை" என்பான் ரெஜி.

முதல் அல்பத்தின் பெயரை
எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.
எழுத்துக்கு வேர், வேருக்கு முள்.
ரெஜி என் போனை வாங்கி
வலையில் சிக்கெடுப்பதுபோல
ஒரு முனையைப் பிடித்து
விரலால் மெல்ல மெல்ல இழுத்து
ஏழு எழுத்து எடுத்துத் தந்தான்.
எட்டாவதைத் தொடவில்லை.
"அது எழுத்தில்லை, பாசி."

நோர்வேயில் மீன் வெட்டும் மச்சான் தர்மிகன்
அனுப்பிய பிளாக் மெற்றல் அது.
குரல் செய்தியும் வந்தது:
"இஞ்சை காலமை பத்து மணிக்கும் இருட்டடா,
அதாலைதான் உப்பிடிக் கத்துறாங்கள்.
நான் கேக்கிறேல்லை. எனக்குத் தலையிடி."

சாக்கு விரித்து ஐஸ் பாரின்மேல் இருந்து
நாற்பத்தியொரு நிமிடம் கேட்டோம்.
காடு, பனி, ஓநாய், மறுபடி பனி.
ரெஜி எழும்பிக் காற்சட்டையைப் பிழிந்தான்.
"இவங்கள் குளிரைப் பாடுறாங்கள்.
நான் குளிரை விக்கிறன்.
ஐந்தரை."

"ஒரு சொல்லும் விளங்கேல்லை" என்றேன்.
"கோயிலிலை ஐயர் சொல்லுறது
விளங்கியே கும்பிடுறனி?" என்றாள் கஜானி.
அவள் எட்டுப் போட்டாள்.
நான் ஆறு,
பிறகு வெட்கப்பட்டு ஆறே முக்கால்.

இரண்டாவது டெத் மெற்றல்.
அடிவயிற்றுக்கும் கீழே
ஒரு கிணற்றிலிருந்து ஏறும் குரல்.
ட்ரம்ஸ்காரனுக்கு நாலு கால் இருக்கவேண்டும்.
கஜானி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:
"நல்லாத்தான் இருக்கு. ஆனா
செத்த ஆக்கள் இவ்வளவு கதைக்கிறேல்லை."
ஏழு. கடைசிப் பாட்டின் வேகத்துக்கு
அரை கூட.

நடுவில் பாசையூர் லொறி வந்தது.
சாரதி இறங்கி, காது கொடுத்து,
"தம்பி, மிசினிலை ஏதோ பெயரிங் போட்டுது" என்றார்.
"ஓமண்ணை, நாளைக்குப் பாக்கிறம்"
என்று முகம் மாறாமல் சொல்லி
முப்பத்திரண்டு பார் தள்ளிவிட்டான் ரெஜி.
அல்பம் தொடர்ந்து பழுதாகிக்கொண்டிருந்தது.

மூன்றாவதன் அட்டையை நான்தான் திறந்தேன்.
வழக்கமான மண்டையோடு என்று நினைத்தேன்.
கீறினதில்லை. படம்.
எந்த நாட்டு வீதியோ.
கிடந்தவர்களில் ஒருவருக்கு
ஒரு காலில் மட்டும் செருப்பு.

கஜானி போனைக் குப்புறக் கவிழ்த்தாள்.
"இதுக்கு நான் போடேல்லை."
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

பாட்டு ஓடத் தொடங்கியிருந்தது.
கிற்றார் வந்த விதம், உண்மையைச் சொன்னால்,
அந்த இரவிலேயே அதுதான் திறம்.
எனக்குத் தெரிந்தது.
ரெஜிக்கும் தெரிந்தது.
அவனுடைய பாட்டா செருப்பு
ஈரச் சீமெந்தில் இரண்டுதரம் தட்டியது,
பிறகு நின்றது.
நான் பாட்டை நிறுத்தினேன்.
கொம்பிரசர் விட்ட இடத்திலிருந்து
கதைக்கத் தொடங்கியது.

புள்ளிகள் எழுதுவது
ஐஸ் கணக்கு எழுதும் சீஆர் கொப்பியில்.
முப்பத்திரண்டு பார், பாசையூர்.
ஐந்தரை, எட்டு, ஆறே முக்கால்.
பதினெட்டுப் பார், நாவாந்துறை, கடன்.
அதற்குக் கீழே ஒரு வரியை
ரெஜி வெறுமையாக விட்டான்.

"முதலாளி கேட்டால்?"
"கரைஞ்சிட்டுது எண்டு சொல்லுறன்."

ஒருவரும் எழும்பவில்லை.
மூன்று மணிக்கு யாரோ வள்ளம் இழுக்கும் சத்தம்.
கஜானி சாக்கை உதறி மறுபடி விரித்தாள்.
"போன கிழமை போட்ட த்ராஷ் இருக்கெல்லே,
நீ நாலு போட்டது,
அதைப் போடு.
உனக்கு அண்டைக்குக் காது சரியில்லை."