ஒரே புள்ளி

விரிசலைப் பூசிடாதீங்கம்மா,
பூசினா மானியம் வராது என்றார்கள்.
ஆடியிலிருந்து ஐப்பசி வரை
அதைக் கலைக்காமல் காத்தேன்.
குறுக்கே தொங்கிய காலண்டரைக்கூட
வேறு ஆணிக்கு மாற்றினேன்.

ஸ்டான்லியில் எலும்பு வார்டில் வேலை எனக்கு.
ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே
எந்த முறிவு கூடும் எது கூடாதென்று
ஓரளவு தெரியும்.
இது கூடாது.
கூரையில் தொடங்கிச் சுவரில் இறங்கி
உள்ளே கம்பி ஊதிப்போய்
காரை உதிர்ந்துகொண்டேயிருந்தது.
சோற்றில் விழுந்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச்
சாப்பிட்டோம்.

ஜே.இ. வந்த அன்று பார்த்து
வியாசர்பாடியில் அப்படியொரு வெயில்.
ஒழுகுதா என்று
காய்ந்த கூரையை அண்ணாந்து பார்த்தார்.
வாளியைக் காட்டினேன்.
வாளி எல்லார் வீட்லயும் இருக்கும்மா என்றார்.
நியாயந்தான்.
பிறகு செல்போனை உயர்த்திப் படமெடுத்தார்.
திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது:
இந்த இடத்திற்கு மானியம் ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது.

கீழ்வீட்டு டில்லிபாபு போன மாதமே வாங்கிவிட்டார்.
அவர் வீடும் என் வீடும்
மேல்வீட்டு ஜுலேகா வீடும்
மொட்டைமாடியில் மூடியில்லாத டேங்கும்
வானத்திலிருந்து பார்த்தால் ஒரே புள்ளி.
தண்ணிக் குடம் தூக்கி ஏறுகிறவர்களுக்குத்தான்
அது மூன்று மாடி.

மனு எழுதினேன். ரசீது தந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை
டில்லிபாபு மேஸ்திரியோடு ஏறி வந்தார்.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.
"எக்கா, என் கூரை ஒயுவுறது
உன் பாத்ரூம்லேந்துதான்.
மேல ஒடச்சாதான் கீழ நிக்குமாம்."

அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பணம்
என் பாத்ரூமிலிருந்து அடுப்படி வரை
டைல்ஸாகப் பதிந்தது.
வெள்ளையில் நீலப் பூ, அவரே எடுத்தது.
எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லவில்லை.

இரண்டாம் தவணைக்கு ஜே.இ. வந்தார்.
கீழ்வீட்டுக் காய்ந்த கூரையைப் படமெடுத்துக்கொண்டு
மேலே ஏறாமல் போனார்.

நேற்றிரவு மழை.
விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர்
போக இடமில்லாமல்
நீலப் பூக்களின்மேல் நின்றது.
இரண்டு மணிவரை துடைத்துப் பிழிந்தேன்.
பிறகு நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.
என்ன கேட்கப் போகிறேன் என்று
எனக்கே தெரியவில்லை.

திறந்தாள் ஜுலேகா.
கையில் வாளி.
என்னைப் பார்க்கவில்லை,
மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.