எழுத்துத் தெரியுதா

வீடு தேடிப் போன இடத்தில்
கிணறு உவரோ நன்னீரோ என்று நான் கேட்கவில்லை.
கதவைச் சாத்தினால் காற்று நிற்குமா என்று கேட்டேன்.
சுவர் சுண்ணாம்பு உதிர்க்குமா,
அறைக்குப் பக்கத்தில் கைகழுவப் பைப் உண்டா,
நாற்பது பெட்டி அடுக்க வெயில் படாத மூலை உண்டா.
கொக்குவிலில் ஒருவர், 'என்ன பிசினஸ்?' என்றார்.
'தண்ணி' என்றேன்.
பொய்யில்லை.
சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு
என் மனுசி பாமதியின் வயிற்றுக்குள்
நாளுக்கு நாலு தரம் இறங்கி
நாலு தரம் திரும்பி வருகிற தண்ணி.
அவர் வாடகையைக் கூட்டிச் சொன்னார்.

ஏழாவது வீடு கொழும்புத்துறையில்.
சொந்தக்காரர் கனடாவில். போனை உயர்த்திப் பிடித்து
அவருடைய வீட்டை அவருக்கே சுற்றிக் காட்டினேன்.
'எல்லாம் சரி தம்பி, ஆனா
சுவரில ஒரு ஆணி அடிக்கப்படாது. புதுப் பெயின்ற்.'
ஓமண்ணை என்றேன்.
நாலு வருசமாய் எங்கள் சீவியம் தொங்கியது
மூன்றங்குல ஆணி ஒன்றில்.

குடிபுக ஐயர் குறித்துத் தந்தது
புதன், பத்து ஐம்பதிலிருந்து பதினொன்று இருபது.
பாமதியின் பை பதினொரு மணிக்கு.
மச்சாள் தவமலர், ஒரு மணித்தியாலம் பிந்தினால் என்ன என்றாள்.
'பால் பொங்கிறதுக்கு நான் எதுக்கு?
அடுப்பு இருந்தாக் காணும்' என்றாள் பாமதி.

விடியவே பட்டா வந்தது.
டிலக்சன் என்ற பெடியன் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி
'அண்ணை, அங்க கிணறு இல்லையே?' என்றான்.
கட்டில் போனது, அலுமாரி போனது,
சாமிப்படம் தவமலரின் மடியில் போனது.
மிஞ்சினது
ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு ஆணி, ஒரு பை,
முகக்கவசம் கட்டிய நாங்கள் இருவர்.
கதைத்தால் வீடு திருப்பிச் சொல்லும். கதைக்கவில்லை.
அங்கே பால் பொங்கியிருக்கும்.
இங்கே பை மெல்ல மெல்ல மெலிந்தது.

பிறகு ஆணியைக் கழற்றினேன்.
ஓட்டைக்குள் பற்பசை அப்பி விரலால் நீவினேன்.
முற்பணம் திரும்பி வர வேண்டுமே.
ஆணி சட்டைப் பைக்குள்.

ஓட்டோவால் இறங்கும்போது பன்னிரண்டே முக்கால்,
நட்டநடு ராகுகாலம்.
வாசலில் நிறைகுடம்.
குத்துவிளக்கு அணைந்திருந்தது, தவமலரின் முகமும்.
பாமதி வயிற்றில் கை வைத்தாள்.
'இரண்டு லீற்றர் கிடக்கு உள்ளுக்க.
இதுக்கு மேல என்ன நிறைகுடம்? தள்ளடி.'
டிலக்சன் மட்டும் சிரித்தான்.

முந்தின இரவே டெற்றோல் போட்டுத் துடைத்துப்
பூட்டி வைத்த அறை.
திறப்பை நான் எவரிடமும் கொடுக்கவில்லை.
நாலு மணிக்கு ஆணியைக் கையில் எடுத்துச்
சுவரைப் பார்த்தேன்.
சுவர் கனடா மாதிரி வெள்ளையாய் இருந்தது.
வளவில் ஒரு கொக்கத்தடி சாத்திக் கிடந்தது.
கழுவி, ஜன்னல் கம்பியோடு கட்டி,
மாங்காய் பறித்த கொக்கையில் பையைக் கொழுவினேன்.
ஒரு தரம் ஆடி, நின்றது.

வெளியே வருகிற தண்ணிக்குக் கீழே
பேப்பர் வைத்துப் பார்க்கச் சொன்னது கிளினிக் மிஸ்ஸி.
எழுத்துத் தெரிந்தால் நல்லது.
கலங்கினால் உடனே பெரியாஸ்பத்திரி.
முந்தி கைக்கு வந்த பக்கத்தை விரிப்பேன்.
'செத்த சனத்தை என்ர தண்ணிக்குள்ளால வாசிக்காதேங்கோ'
என்று ஒருநாள் மரண அறிவித்தலைப் பிடுங்கி எறிந்தாள்.
அதன்பின் விளம்பரப் பக்கம் மட்டும்.
இந்த வீட்டையும் அப்படித்தான் கண்டோம்,
கொஞ்சம் வளைந்த எழுத்தில்.

இன்று பேப்பர் எந்தப் பெட்டியிலோ.
தேத்தண்ணிக் கோப்பை ஒன்றைச் சுற்றியிருந்த துண்டை உரித்து
நிலத்தில் சுருக்கம் எடுத்து
பையை அதன்மேல் வைத்தேன்.
முழங்காலில் நின்று டோர்ச் அடித்தேன்.

'தெரியுதா?'

பொறு.

நெல்லியடியில்
லேடீஸ் சைக்கிள் ஒன்று
விற்பனைக்கு உண்டு.

'எவ்வளவாம்?' என்றாள்.