இருபத்திரண்டு முழம்

அட்டவணைப்படி கரண்ட் ஐந்து மணிக்கு.
இன்று ஐந்தரைக்கு வந்தது.
அரிசியைக் குக்கரில் போட்டுவிட்டு
சன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்:
"வந்தாச்சு!"
யாங்கோனில் எந்தத் தெருவிலும்
இந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்க மாட்டார்கள்.

ஏகாம்பரம் துறைமுகத்திலிருந்து நேராக வந்துவிடுவான்,
கையில் நெத்திலியோ வெறும் பசியோ.
ஜொஹரா ஐந்தாம் மாடி. படியேறும்போதே
இன்று என்ன குழம்பு என்று மூக்கால் கண்டுபிடித்து
தன் வீட்டிலிருந்து அதற்கு ஒத்துவராத ஒன்றைக் கொண்டு வருவாள்.
நோ லா சே சர்ச்சில் பாட்டு ஒத்திகை முடித்து
கடைசியில் வந்து, முதலில் உட்காருவாள்.
தரையில் பாய், நடுவில் வட்ட மேசை,
புளிச்சக்கீரையில் இறாலும் மூங்கில் குருத்தும்,
பக்கத்தில் என் மிளகு ரசம்.
ஙப்பி வாசம் யாருடையது என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஐந்தாவது தட்டு தின் சாவுடையது.
அலமாரியில் இருக்கிறது.

என் வாய்தான்.
கடலை எண்ணெய் வீசைக்கு விலை ஏறிய வாரம்
அவள் சுரைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.
"பஜ்ஜிக்கு எண்ணெய் ஊற்றவில்லை இவள்,
எண்ணெய்க்குப் பஜ்ஜி போடுகிறாள்" என்றேன்.
எல்லோரும் சிரித்தோம். அவளும்.
மறுநாள் உப்பு ஜாடிக்கு அடியில்
ஒரு முழு பாட்டிலின் விலை,
வங்கியில் கட்டுகிற மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு.
ஆள் வரவில்லை.

படியில் பார்த்தால் சிரிப்பாள்.
கவுண்டருக்குப் பின்னாலிருந்து சிரிக்கிற சிரிப்பு.

என் ஆறாம் மாடி சன்னலிலிருந்து
தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது, எல்லா வீட்டுக்கும் போல.
நுனியில் கிளிப், ஒரு சின்ன மணி.
காலையில் அவித்த பட்டாணி அதில்தான் மேலே வரும்,
மாதக் கடைசியில் கரண்ட் பில்லும்.
நான்காம் நாள் ராத்திரி
தூக்குவாளியை அதில் மாட்டி இறக்கினேன்.
மூன்றாம் மாடி சன்னல்வரை இருபத்திரண்டு முழம்.
எண்ணி எண்ணி விட்டேன்.
நிறுத்தினேன். மணியை ஆட்டினேன்.
எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.
கை வலித்தது. வாளி நிறைந்தபடியே திரும்பி வந்தது,
ரசத்தில் ஒரு மழைத்துளி அதிகம்.

மறுநாளும் அப்படித்தான்.
அதற்கு மறுநாள் கயிறு திடீரென்று இலேசானது.

வெறும் பாத்திரம் திருப்பித் தருவதில்லை,
எங்கள் தெருவில் எல்லா மதத்துக்கும் இது பொது.
கழுவிய வாளியில் ஒரு எலுமிச்சம்பழம் வந்தது.
பிறகு ஒருநாள் மூன்று காய்ந்த மிளகாய்.
பிறகு, வங்கிச் சீட்டின் பின்பக்கத்தில்,
பர்மிய எழுத்தில், வட்ட வட்டமாக:
உப்பு குறைவு.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.
"குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாளா,
அப்போ இன்னும் பத்து நாள்" என்றாள் ஜொஹரா.

இன்றைக்குப் பதினோராம் நாள்.
ஆறு பத்துக்குக் கரண்ட் போய்விட்டது.
குக்கரில் சோறு பாதியில் நிற்கிறது.
இருட்டில் நாலு பேரும்
அரசாங்கத்தை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டிருக்கிறோம்.
சன்னலில் மணி அடித்தது.
கீழே யாரோ கயிற்றை இழுக்கிறார்கள்,
இருபத்திரண்டு முழத்துக்கு அப்பாலிருந்து.

"என் லைனில் கரண்ட் இருக்கு!
காது கேட்கலையா உங்களுக்கு?
குக்கரைத் தூக்கிக்கிட்டு வாங்க!"

ஏகாம்பரம் குக்கரை லோஞ்சியால் பிடித்துக்கொண்டான்,
நோ லா சே கீரைச் சட்டியை.
ஜொஹரா செல்போன் வெளிச்சத்தைப் படிக்குக் காட்டாமல்
ரசத்துக்குக் காட்டிக்கொண்டே இறங்கினாள்.
நான் அலமாரியிலிருந்து அந்தத் தட்டை எடுத்துக்கொண்டேன்,
உப்பு ஜாடியை, அதன் அடியிலிருந்த பணத்தை.

பாதி வெந்த சோறு
மீதி அவள் வீட்டில் வெந்தது.

அடுப்பில் வாணலி ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது.
சுரைக்காய் நறுக்கி வைத்திருந்தாள்.
என்னைப் பார்த்துக்கொண்டே
எண்ணெய் ஊற்றினாள். இன்னும் ஊற்றினாள்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை,
பஜ்ஜிக்குத் தவிர.