பின்சீட்டு

எமில்,
உன் மீசை மெழுகு டப்பா
எங்கள் பிளிமத் காரின் சீட்டுக்கடியில் இன்னும் கிடக்கிறது.
பிரேக் போடும்போதெல்லாம் உருண்டு வந்து
என் குதிகாலில் இடிக்கிறது.

நெப்ராஸ்காவில் சோளம் விதைத்த
செக் குடியானவரின் மூன்றாவது மகன் நீ.
ஒமாஹாவில் சுருட்டு மணக்கும் ஓர் அறையில்
தலையை மழித்து, ஒற்றைக்கண் கண்ணாடி மாட்டி
'இன்றிலிருந்து நீ பிரஷ்யப் பிரபு' என்றார்கள்.
போர் முடிந்து மூன்று வருடம்தான்.
ஜெர்மனில் ஒரு சொல் தெரியாது உனக்கு.
கோழிகளை விரட்ட உன் அம்மா வைத்திருந்த வசவுகளைக்
கோதாவின் கயிற்றில் சாய்ந்து உறுமினாய்.
ஊரே எழுந்து நின்று உன்னைச் சபித்தது.
சீடர் ராப்பிட்ஸில் மட்டும்
மூன்றாம் வரிசையில் ஒரு செக் தையல்காரர்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

என் ஹார்லனுக்கு வேஷம் தேவைப்படவில்லை.
பால்காரனுக்கு உரிய முகம். வெள்ளைக் கால்சட்டை.
நல்லவனுக்கு நாற்பது டாலர்,
கெட்டவனுக்கு அறுபது.
மிச்ச இருபது தையல் போட, என்பாய்.
டெ மாயினில் ஒரு சர்ச் பாடகி
தொப்பி ஊசியை உன் தொடையில் ஏற்றினாளே,
முனை முறிந்து உள்ளே நின்றதை
என் சமையலறையில், இடுக்கியால்,
நான்தான் பிடுங்கினேன்.
நீ பல்லைக் கடித்துக்கொண்டு
ஆப்பிள் பை இன்னும் இருக்கிறதா என்று கேட்டாய்.

ஒரே கார். பெட்ரோல் காசு பாதிக்குப் பாதி.
ஊர்ப்பெயர்ப் பலகை தெரிந்ததும்
நீ பின்சீட்டில் சுருண்டுகொள்வாய்,
மேலே குதிரைக் கம்பளி.
பரம எதிரிகள் ஒரே காரில் வந்து இறங்கினால்
எவன் டிக்கெட் வாங்குவான்?
ஆறடி நாலங்குலத்தை
எப்படித்தான் மடித்தாயோ.
கம்பளிக்குள்ளிருந்து உன் குரல் கேட்கும்:
'எத்தனையாவது நிமிடத்தில் நான் மண்ணைக் கவ்வ வேண்டும்?'
'இருபத்திரண்டு. என் இடது முட்டியைப் பார்த்துக்கொள்.'
பார்த்துக்கொண்டாய்.

பதினோரு வருடம்.
அவனிடம் நீ முறிக்காத எலும்பே இல்லை என்றன விளம்பரங்கள்.
நீ முறித்தது எங்கள் வீட்டு முக்காலி ஒன்றைத்தான்,
அதுவும் உட்கார்ந்து.

ஒட்டும்வா பெட்ரோல் பங்கில்
சில்லறைக்குக் கை நீட்டியபடியே ஹார்லன் சரிந்தான்.
மூன்று எண்ணிக்கை முடிந்தது. ஒருவரும் எண்ணவில்லை.
ஒமாஹாவிலிருந்து உனக்குத் தந்தி போனதாம்:
பிரபு வரக்கூடாது.

அடுத்த வாரமே சுவரொட்டி ஒட்டினார்கள்,
'ஹார்லனைக் கொன்ற கை' என்று உன் கையைப் பெரிதாய்ப் போட்டு.
அரங்கம் வழிந்தது.
சனிக்கிழமைதோறும் எனக்கு ஓர் உறை வந்தது,
பெயரில்லாமல், அறுபது டாலர்.
நான் திருப்பி அனுப்பவில்லை எமில்.
பையனுக்குப் பூட்ஸ் வாங்க வேண்டியிருந்தது.
அந்தக் கையை வெறுக்க வேண்டும்போலவும் இருந்தது சில இரவுகளில்.

அதை விடு.
அடக்கத்தன்று, பனியில்,
கல்லறை வேலியோரம் ஒரு சாம்பல்நிற நாஷ் நின்றது.
ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லை.
கதவுகள் பூட்டியிருந்தன,
கண்ணாடியின் உட்புறம் மட்டும் மூச்சுப் படிந்து வெளுத்திருந்தது.
பின்சீட்டில் குதிரைக் கம்பளி.
அது குலுங்கியது.

பக்கத்தில் வந்த திருமதி டுவெயிட்
'யார் வண்டி, ஆர்டிஸ்?' என்றாள்.

தெரியாது என்றேன்.
முகத்தை நன்றாகவே வைத்துக்கொண்டேன்.
நீ பார்த்திருந்தால்
அறுபது கொடுத்திருப்பாய்.