தூக்குத் தராசு

ஆதம்பாவா காக்காவிடம் இரவல் வாங்கியது.
கொக்கியில் பாரைமீன் செதிள் இன்னும் காயவில்லை.
கிரான் சந்தி, விடிய நாலரை.
குடும்பிமலைக்குப் போகிற பைகளை
ஒவ்வொன்றாய் மாட்டிப் பார்த்தோம்.

இருபது கிலோ என்றுதான் பேச்சு.
முதல் பை முப்பத்தொன்று.
"முள்ளு பழசு, பொய் சொல்லும் கா" என்றான் வழிகாட்டி.
நேசதுரை வாய் திறக்கவில்லை.
கடையைத் தட்டி எழுப்பி
அஞ்சு கிலோ அரிசிப் பையொன்று வாங்கிவந்து
கொக்கியில் போட்டான்.
அஞ்சு.

பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கித் தன் பையைத் திறந்தாள்:
மடக்குக் கதிரை, இரும்புச் சட்டி,
மூன்று சோடிச் சப்பாத்து.
நேசதுரையின் காலைப் பார்த்தாள்.
ரப்பர் செருப்பு, ஒரு வார் கம்பியால் கட்டியது.
பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

போன பங்குனியில் தாமோதரம் சறுக்கி விழ
மேலிருந்து வந்த முதல் கேள்வி:
"அடுப்பு உடையல்லதானே?"
வாழைச்சேனை ஆசுபத்திரியில் பதினேழு நாள்.
அன்றைய கூலியும் அரைவாசிதான்,
பாதி மலைதான் ஏறினானாம்.

கதிரை இறங்கியது. சட்டி இறங்கியது.
முள் இருபதில் நிற்க
கிழக்கு வெளுத்துவிட்டது.
"நேரம் போச்சு, கூலியில கழிப்பன்."

"கழி மனே" என்றான் நேசதுரை.
"தராசும் மலைக்கு வருகுது.
இறங்கக்குள்ள இவங்க கல்லுப் பொறுக்குவாங்க.
காக்காவுக்குப் பிறகு சொல்லுவம்."

என் பைமேல் வைத்துக் கட்டினான்.
அது எத்தனை கிலோ என்று
நிறுக்கத்தான் வழியில்லை.