ஒரே பக்கம்

டுலூத், பிப்ரவரி.
துறைமுகம் உறைந்து
தாதுக் கப்பல்கள் கட்டிக் கிடக்கின்றன.
வேலைவாய்ப்பு மையத்தின் மூன்றாவது கணினியில்
என் பெயரைத் தடித்த எழுத்தில் அடிக்கிறேன்:
வெர்னா நியெமி.
சுலபமான வேலை அத்தோடு முடிந்தது.

ஒரே பக்கம், என்கிறான் கோல்பி.
என்னைவிட இருபத்திரண்டு வயது சின்னவன்,
சட்டைப் பையில் மை கசிந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை.
"ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்தான் பார்ப்பார்கள்.
ஒவ்வொரு வரியிலும் ஒரு வினைச்சொல்.
ஒவ்வொரு வரியிலும் ஓர் எண்."

நிர்வகித்தேன். ஒருங்கிணைத்தேன். மேம்படுத்தினேன்.
பட்டியலை நீட்டுகிறான், எடுத்துக்கொள்ளச் சொல்லி.
நான் செய்தது ஒன்றுதான்.
கேட்டேன்.
அவர்கள் சொன்னதைக் கேட்டேன்.
சொல்லாததை
வாய்திறந்து கேட்டேன்:
இன்றிரவு சாக நினைக்கிறீர்களா?
"ஒரே வினைச்சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது,"
என்கிறான்.

சரி, எண்கள்.
நெருக்கடி உதவி மையத்தில் ஆறு வருடம்,
செவ்வாயும் வெள்ளியும், இரவு பதினொன்றிலிருந்து ஏழு.
மேற்பார்வையின் கீழ் ஆலோசனை,
வாரியம் கேட்ட மணிநேரம் முழுக்க, கையெழுத்தோடு.
"எத்தனை பேர் தேறினார்கள்?"
திரும்ப அழைக்காதவர்கள் நிறையப் பேர், கோல்பி.
அது நல்ல சேதியா, மற்றதா,
யாரும் எனக்கு எழுதிப் போடவில்லை.
அவன் விரல் விசைப்பலகை மேல் நிற்கிறது.
பிறகு அந்த வரியை அவனே அழிக்கிறான்.

ஓர் இரவு ஒருவர் பதினோரு நிமிடம் பேசவில்லை.
வண்டிக் கண்ணாடியில் வைப்பர் மட்டும்
போய் வந்துகொண்டிருந்தது.
அங்கே பனி கொட்டுகிறதா, என்றேன்.
ஆமாம், என்றார்.
அந்த ஆமாமிலிருந்து விடியும் வரை போனோம்.
இதை எங்கே எழுத?
எழுதவே கூடாது, அதுதான் தொழில்.
திறன்கள் என்ற தலைப்புக்குக் கீழே அடிக்கிறேன்:
ரகசியம் காத்தல்.

"பரிவு மிக்க" என்பதை எடுத்துவிட்டோம்.
"ஆர்வம் நிறைந்த" என்பதையும்.
எல்லாரும் போடுவார்களாம்.

அடுத்து அந்த ஓட்டை.
மே 2011 முதல் ஆகஸ்ட் 2012 வரை
ஒன்றுமில்லை.
"குடும்பக் காரணம் என்று போடலாமா?"
குடும்பமும் ஒரு காரணம்தான், பார்க்கப்போனால்.
அப்போது நான் நாலாவது மாடியில் இருந்தேன்.
அடியில் ரப்பர் ஒட்டிய காலுறை,
கயிறு உருவிய மேலங்கி,
சாப்பிட்டதும் ஸ்பூனை எண்ணி வாங்கிக்கொள்வார்கள்.
மூன்று மணிக்கு ஒரு பெண் வந்து எதிரே உட்கார்வாள்.
முதல் ஒன்பது நாள் நான் சுவரோடு இருந்தேன்.
பத்தாம் நாளும் மூன்று மணிக்கு வந்தாள்.

டெலோரஸ் விட்கோம்ப்.
அவளும் எங்கோ இப்படி ஒரு பக்கத்துக்குள்
தன்னை மடித்து வைத்திருப்பாள்.
அதில் நான் ஓர் எண்ணுக்குள் இருப்பேன்.
வெளியே வந்தபிறகு
ஒருதடவைகூட அவளை நான் அழைத்ததில்லை.

கோல்பி கேட்கவில்லை. மையைப் பார்த்துவிட்டான்,
துடைக்கப் போயிருக்கிறான்.
மே முதல் ஆகஸ்ட் வரை வெறுமையாகவே விடுகிறேன்.
நேர்காணலில் கேட்டால் சொல்வேன்.
கேட்கத் தெரிந்தவர்களாக இருந்தால்.

சான்று சொல்ல மூன்று பேர் வேண்டும்.
இருவர் இருக்கிறார்கள்.
மூன்றாவதாக அவள் பெயரை அடிக்கிறேன்,
முழுதாக, கடைசி எழுத்து வரை,
பார்க்கிறேன், அழிக்கிறேன்.
நம்மைப் பார்த்துக்கொண்டவரைப் போடக் கூடாது,
விதி எனக்கே தெரியும்.
அங்கே கட்டடத் துப்புரவு மேலாளர் பெயர் போகிறது.
நல்ல மனிதர். நான் நேரத்துக்கு வருவேன் என்று சொல்வார்.

எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்ததும்
பக்கம் அடங்கிவிட்டது.
அச்சுப்பொறி இருமி, வெதுவெதுப்பாகத் துப்புகிறது.
இரண்டு பிரதி: ஒன்று அவர்களுக்கு.
மற்றதைத் திருப்பி
பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன்:
டெலோரஸ். எண் தேடு.
மூன்று மணிக்கு அழை.