சாதாரண ஒலி

கரண்டு போனால்தான் படிப்பு.
நாற்பது தறியும் ஒரே மூச்சில் நிற்கும்போது
நகரியில் ஈ பறப்பதுகூடக் கேட்கும் என்பாள் முனிலட்சுமி.
நான் ஈயைப் பார்த்திருக்கிறேன்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் அறுபது ரூபாய்க்கு வாங்கிய புத்தகம்.
பஞ்சுத் தூசி ஒட்டி ஒட்டி
பக்கத்துக்குப் பக்கம் மீசை முளைத்துவிட்டது.
தமிழில் படிக்கிறேன், பரீட்சை புத்தூரில்,
கேள்வி தெலுங்கில் வரும்.
தெலுங்கு எனக்கு வாயில் உண்டு, கண்ணில் இல்லை.
சந்தையில் சண்டை போடுவேன்
பஸ் பலகை படிக்கமாட்டேன்.
முனிலட்சுமி சாக்பீஸால் தறிக்கட்டையில் எழுதிக் காட்டுகிறாள்.
தலையில் டிக் அடித்துக்கொண்டே பிறந்த எழுத்துகள்;
நாலு விடையும் சரியான விடை மாதிரியே இருக்கின்றன.

படங்கள் தேவலை.
சிவப்பு வட்டம் செய்யாதே,
முக்கோணம் பார்த்துப் போ,
நீல வட்டம் செய்தே ஆகணும்.
கல்யாணத்துக்கு முந்தி யாராவது
இப்படி மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

ஆட்டோவில் எத்தனை பேர் ஏறலாம்?
புத்தகத்தில் மூன்று.
மூன்று பேருக்கு ஏகாம்பரகுப்பம் ரோட்டில்
எவனும் சாவியைத் திருப்பமாட்டான்.
மூன்று என்றே சொன்னேன்.
முனிலட்சுமி சிரித்துச் சிரித்துப் பாவு நூலில் சாய்ந்தாள்.

கைச்சைகைப் பாடத்தை மட்டும்
படிக்காமலே தள்ளினேன்.
பதினாறு வருஷமாக ஷெட்டுக்குள் வேறு பேச்சு ஏது?
இரண்டு விரல் ஆட்டினால் ஊடை தீர்ந்தது,
நெற்றியில் கை வைத்தால் முதலாளி,
காதைப் பிடித்தால் டீ.
கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழும் அசைத்தால்
புத்தகத்தில்: வேகம் குறைக்கிறேன்.
எங்களுக்கு: தூளியில் பிள்ளை தூங்குது, மெல்ல.

நேற்று படிவம் வந்தது.
அவள் வாசிக்க நான் பதில் சொன்னேன்.
வலிப்பு வந்ததுண்டா? இல்லை.
இருபத்தைந்து மீட்டரில் நம்பர் பிளேட் தெரியுமா?
நாலு தறி தள்ளி அறுந்த ஒற்றை நூல் தெரியும், அதையும் எழுது.
சிவப்பு பச்சை பிரித்தறிவீர்களா?
கட்டம் போட்ட லுங்கி நெய்கிறவளிடமா இந்தக் கேள்வி!
அதற்கடுத்து அவள் உதடு மட்டும் அசைந்தது.
சத்தமாக் கேளுடி என்றேன்.
சத்தமாத்தான் கேட்டேன்க்கா என்றாள்.

சாதாரண ஒலியைக் கேட்க முடியாத அளவுக்குச்
செவிட்டுத்தன்மை உண்டா? உண்டு, இல்லை.
இரண்டு கட்டம்.

வெளியே முதலாளியின் குட்டி யானை நின்றது.
அவள் ஹாரனில் கை வைக்க
நான் முதுகைக் காட்டி நின்றேன்.
பத்தடியில் திரும்பினேன்.
முப்பதடியில் திரும்பினேன், கொஞ்சம் யோசித்து.
அறுபதடி.
வெயில். சாயத் தண்ணீர் ஓடும் கால்வாய்.
புளியமரத்தடியில் படுத்திருந்த நாய்
திடுக்கென்று எழுந்து ஓடியது.
திரும்பினேன்.

தூரத்தில் முனிலட்சுமி
கையைத் தூக்கி விரலை விரித்தாள்: கேட்டுச்சா?
தலையை ஆட்டினேன்.
அவளுக்குச் சந்தோஷம். எம்பிக் குதித்தாள், வண்டிக்குள்ளேயே.

அதற்குள் கரண்டு வந்துவிட்டது.
காலடியில் தரை அதிர்ந்ததை வைத்துச் சொல்கிறேன்.
படிவத்தில் அந்த ஒரு வரி காலியாகவே இருக்கிறது,
நாலாக மடித்துப் புத்தகத்தில் செருகினேன்.
செருகிய பக்கத்தில் எழுபத்திரண்டாவது கேள்வி:
பின்னால் வரும் வண்டியை அறிய
ஓட்டுநர் எதைப் பயன்படுத்த வேண்டும்?
அ. ஹாரன்
ஆ. கண்ணாடி
இ. நடத்துநர்.

இதற்கு முனிலட்சுமியைக் கூப்பிடவில்லை.
ஆ.